தாத்தா காலத்துச் சாமான்

போன வாரம் நம் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் மூன்றாம் மாடிக்காரர் ஒரு படம் போட்டிருந்தார். மாமனார் வீட்டிலிருந்து வந்த ஈட்டி மர அலமாரி. சந்தாபுராவுக்குக் கொண்டுவந்த பிறகு மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். நம் வயதுக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னீர்கள். ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். இன்னொருவர் பேசாமல் வார்னிஷ் அடித்துவிடுங்கள் என்றார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஈரத் துணி படவே கூடாது, தேங்காய் எண்ணெய் பிசுக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும், பழைய மல் துணியால் மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே துடையுங்கள், தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து விரல் நுனியளவு எடுத்துத் தேயுங்கள் என்று எழுதிக்கொண்டே போனேன். பீங்கானைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதையும் எழுதினேன்.

உடனே உங்களில் ஒருவர் கேட்டார்: "உங்க வீட்டுல பரம்பரைச் சாமான் நெறைய இருந்திருக்கும் போலிருக்கே?"

"ஆமாம்" என்று அடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் அழித்தேன். இத்தனை வருஷம் கழித்தும் என் விரல் தானாக அந்தச் சொல்லைத் தேடிப் போனதை நினைத்து அன்று முழுக்க மனசு ஒரு மாதிரியாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கட்டைவிரல் படமெல்லாம் போட வேண்டாம். படித்தால் போதும்.

எனக்கு அப்போது பத்து வயது. ரிச்சர்ட்ஸ் டவுனில், ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும் தூரத்தில் ஓர் ஓட்டு வீடு. வீடு எங்களுடையது இல்லை. ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாவுடையது. பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தெரு முழுக்க அவருக்கு 'மிஸ்' என்றே பேர். பின்கட்டில் இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா ஒரு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். அம்மா, டீச்சர் டிரெயினிங் முடித்திருந்த அக்கா, அப்புறம் நான்.

மிஸ்ஸின் தம்பி ஆஸ்திரேலியாவில் இருந்தார். வயதாகிவிட்டது, தனியாக இருக்க வேண்டாம் என்று இவரையும் கூப்பிட்டுக்கொண்டார். மிஸ் பியானோவை விற்றார். மற்றதை விற்க மனசு வரவில்லை. கிளம்புவதற்கு முன் அம்மாவிடம், "நீ முன்னாடி வீட்ல வந்து இரு. வாடகையெல்லாம் வேணாம். சாமான் மட்டும் பாத்துக்கோ. நான் ஒரு நாள் வரும்" என்றார். அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும்.

முன் வீட்டுக்கு வந்தோம் என்றுதான் பேர். சாப்பிட்டதும் படுத்ததும் பழையபடி பின்கட்டில்தான். ஹால் முழுக்க மிஸ்ஸின் சாமான்கள். சாய்மானத்தில் திராட்சைக்கொடி கடைந்த ஈட்டி மர நாற்காலிகள், முட்டை வடிவ மேஜை, பளிங்குக்கல் பதித்த ஒரு குட்டி மேஜை. நாற்காலிகள் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நிற்கும். "பிரேதம் மாதிரி" என்பாள் அக்கா. அம்மா அதட்டுவாள். சுவரோரமாக, ஆனால் சுவரில் படாமல், ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் வெள்ளையில் நீலப் பூப் போட்ட டீ செட். விளிம்பில் தங்கக் கோடு. கூட ஒரு பீங்கான் பொம்மை, ஆட்டுக்காரப் பெண், சுண்டுவிரல் போனவள். ஹாலில் நான் ஓடினால் உள்ளே கோப்பைகள் சிலுசிலுக்கும். ரயில் போனாலும் சிலுசிலுக்கும். ரயிலை அம்மாவால் அதட்ட முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவின் வேலை தொடங்கும். எனாமல் பேசினின் அடியில் துவாலையை மடித்துப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குப் பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பாள். குளிக்கிற சோப்பில் கொஞ்சம் நுரை. சாம்பல், புளி, தேங்காய் நார் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. தங்கக் கோடு போய்விடும். ஒரு கோப்பையைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்த பிறகுதான் அடுத்தது வெளியே வரும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

"உன் காதப் புடிச்சுத் தூக்குனா உனக்கு எப்படி இருக்கும்?" என்று என்னைக் கேட்பாள். "அடியில கை குடு. ரெண்டு கையும் குடு."

துடைத்ததும் நகத்தால் ஒரு தட்டு. 'டிங்' என்றால் சரி. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். எல்லாமே 'டிங்' என்று சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தில் பயம் இருக்கும். தட்டுகளுக்கு நடுவில் வைக்க, நான் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஃபிளானல் சட்டைகளை வட்டமாக வெட்டியிருந்தாள். பூப்போட்ட மஞ்சள் ஃபிளானல். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மெழுகு காய்ச்சும் நாள் வேறு. அடுப்பில் நேராக வைக்க மாட்டாள். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் தகர டப்பாவை இறக்கி மெழுகை உருக்குவாள். உருகியதும் டப்பாவை அடுப்பை விட்டுத் தள்ளிக் கொல்லைக்குக் கொண்டுபோய், டர்பன்டைனை ஊற்றிக் கலக்குவாள். அந்த வாசனை எங்கள் தலைமுடி வரைக்கும் ஏறும். அக்காதான் நாற்காலிக் கால்களுக்குத் தேய்ப்பாள். குனிந்து, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மெதுவாக ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடி. திராட்சைக்கொடியின் இடுக்குகளுக்கு மட்டும் பழைய பல் தேய்க்கும் பிரஷ். அது என் வேலை.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் கிறிஸ்துமஸுக்குக் கோயிலிலிருந்து பாட்டுக் குழு வந்தது. கோயில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தைத்தான். வந்தவர்களில் ஒருவர் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, எப்பேர்ப்பட்ட சாமான்!" என்றார். அப்பா, "தாத்தா காலத்துது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யார் தாத்தா என்று அவரும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. மிஸ்ஸின் தாத்தா என்று எடுத்துக்கொண்டால் அது உண்மைதான். அடுத்த கிறிஸ்துமஸில் அது "எங்க தாத்தா காலத்துது" ஆயிற்று. அதற்குப் பிறகு தாத்தாவுக்கு ஒரு கதையும் வந்தது. அவர் யாரோ ஒரு துரையிடம் வேலை பார்த்தாராம், துரை சீமைக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போனாராம். உண்மையில் அப்பாவின் தாத்தா தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். இருமி இருமியே செத்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தத் தாத்தாவை அப்பா யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா பெரிய பொய்க்காரர் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக் கொடுக்க மறந்தால் கூப்பிட்டு வாங்குவார். மில்லில் நாளெல்லாம் யாராவது ஒருவர் முன்னால் நின்றுகொண்டிருக்க வேண்டிய உத்தியோகம். வீட்டுக்கு வருபவர்கள் ஹாலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசியது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அம்மாவுக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. அவர் சொல்லத் தொடங்கினால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஜூன், ஜூலை முழுக்கச் சிணுங்கல் மழை. மரம் ஊதி, மேஜை இழுப்பறைகள் திறக்க வரவில்லை. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை வாங்கிவந்து இழுப்பறையின் ஓரங்களில் தேய்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அக்காவுக்கு அந்த வரன் வந்தது. போதகரின் மனைவி கொண்டுவந்த சம்பந்தம். அவரை நாங்கள் ஐயரம்மா என்போம். மாப்பிள்ளைக்கு மல்லேஸ்வரத்தில் பேங்க் வேலை, அங்கேயே வீடும் பார்த்திருந்தார். அம்மா அப்பா வேலூரில்.

பெண் பார்க்க வந்த அன்று அப்பா நாற்காலிகளின் போர்வைகளை எடுக்கச் சொன்னார். அது பரவாயில்லை. டீ செட்டையும் எடுக்கச் சொன்னார்.

"மிஸ் நம்பி வச்சிட்டுப் போனதுங்க. நாம ஒரு நாளும் அதுல குடிச்சதில்ல" என்றாள் அம்மா.

"ஒரே ஒரு நாளைக்கு. தேஞ்சா போயிடும்?"

அம்மா கோப்பைகளில் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினாள். குளிர்ந்த பீங்கானில் திடீரென்று கொதிக்கிற டீயை ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். ஒரே கோப்பையை அவள் இரண்டு தடவை துடைத்ததைப் பார்த்து, பெண்ணைக் கொடுக்கிற பதற்றம் என்று நான் நினைத்தேன்.

மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேலைக்குப் போக இஷ்டமா?" அக்கா, "இஷ்டம்தான்" என்றாள். "எனக்கும் அதான்" என்று சொல்லிவிட்டுக் காது சிவந்துபோய் டீயைப் பார்த்தார். அவருடைய அம்மா குடித்து முடித்ததும் சாஸரைத் திருப்பி அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார். "சீமைச் சாமான்!" என்றார். அப்பா தாத்தாவையும் துரையையும் பற்றிச் சொன்னார். மிக நன்றாகச் சொன்னார். அம்மா எழுந்து உள்ளே போனாள்.

அதன் பிறகு வந்த நாட்களில் அக்கா மெழுகு தேய்க்கும்போது முணுமுணுத்த பாட்டு கொஞ்சம் சத்தமாகவே கேட்டது. மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு ஆராதனைக்கு வந்து, ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போனார். அன்று முழுக்க அக்கா என்னை எதற்கும் திட்டவில்லை.

கல்யாணத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளையின் அம்மாவும் ஐயரம்மாவும் மறுபடி வந்தார்கள். நான் பளிங்கு மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"நகை நட்டுன்னு நாங்க ஒண்ணும் கேக்கல. நீங்க பாத்துச் செய்யறதச் செய்யுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்தக் கண்ணாடி அலமாரியும் டீ செட்டும் பொண்ணோட அனுப்பிடுங்க. புது வீட்ல வச்சா எவ்ளோ லட்சணமா இருக்கும்!"

அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ. "அதுக்கென்னங்க, அது அவளுக்குன்னே வச்சதுதானே" என்றார்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவர்கள் போன பிறகு வீட்டில் சத்தமில்லாத சண்டை. எங்கள் வீட்டில் சண்டைகூட ஹாலில் நடக்காது.

"யாரு சாமான யாருக்குக் குடுக்கறீங்க?"

"மிஸ் இனிமே வரப்போறதில்ல. இந்த வயசுல கப்பல் ஏறி வருவாங்களா?"

"வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம்."

"என்னா பாத்துப்பீங்க? நான் என்னான்னு சொல்வேன் அவங்ககிட்ட?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா இரண்டு மூன்று முறை அப்பாவிடம் தனியாகப் பேசினாள். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தேன். "அப்பா, நீங்களே அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுங்கப்பா. இப்பவே சொல்லிட்டா பெருசா ஒண்ணும் ஆகாது" என்றாள்.

"சொன்னா என்னா சொல்வாங்க தெரியுமா? பொய்யன்னு சொல்வாங்க."

"பொய்தானப்பா அது."

அப்பா கையை ஓங்கினார். அவர் எங்களை அடித்ததே இல்லை. ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

ஆகஸ்டில் நிச்சயதார்த்தம். வீட்டிலேயே வைத்தோம். போதகர், ஐயரம்மா, கோயில்காரர்கள், வேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார். கொல்லையில் பிரியாணி தேக்சா ஏறியிருந்தது. தெருமுனை வரைக்கும் அந்த வாசனை. அக்கா பச்சைப் பட்டுக் கட்டியிருந்தாள். எனக்குப் புது ஃபிராக்.

ஜெபம் இன்னும் தொடங்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். கண்ணாடி அலமாரியின் அகலத்தை அளந்தார். அப்புறம் வாசற்கதவை அளந்தார். "கதவக் கழட்டாம வெளிய வராதே" என்று யாரிடமோ சொன்னார். மறுபடி அலமாரிக்கு வந்து, உயரத்தை அளக்க நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "அடியில புடி கண்ணு" என்றார். நான் பிடித்துக்கொண்டு குந்தினேன்.

உள் அறை வாசலில் அக்கா வந்து நின்றாள். அவளை யாரும் இன்னும் கூப்பிடவில்லை.

"அத அளக்காதீங்க மாமா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அது எங்களது இல்ல. வீட்டுக்காரங்களோடது. இந்த ஹால்ல இருக்கற எதுவும் எங்களது இல்ல."

தாய்மாமா நாடாவை விடாமல் அப்பாவைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா, "என்னங்க இது? பொண்ணு என்னா சொல்லுது?" என்றார்.

அப்பா சிரித்தார். "சின்னப் பொண்ணு. பொறந்த வீட்டு சாமான் வெளிய போகுதேன்னு மனசு கஷ்டம். ஏதோ ஒளறுது" என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையாவது அப்படிக் கெஞ்சிப் பார்க்கும் முகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"மிஸ்ஸோடது" என்றாள் அம்மா. "நாங்க பாத்துக்கறோம். அவ்ளோதான்."

போதகர் ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "அலமாரிக்காக நாங்க வரலீங்க" என்றார் அப்பாவிடம். "ஆனா சொந்தப் பொண்ணையே எல்லார் முன்னாடியும் ஒளறுதுன்னு சொன்னீங்க பாருங்க. அப்படிப்பட்ட வீட்ல எப்படிங்க சம்பந்தம் வைக்கறது?" செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வாசல் கேட் அருகில் கொஞ்சம் நின்றார். திரும்பி வருவார் என்று நான் நினைத்தேன். அவருடைய அம்மா கூப்பிட்டதும் போய்விட்டார். அளவு நாடா என் கையிலேயே இருந்தது. ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எழுந்திருக்கக் கூச்சமாக இருந்தது.

பிரியாணி அப்படியே இருந்தது. அதைத் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். ஒரு வீட்டில்கூட என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "அம்மாவக் கேட்டதா சொல்லு" என்றார்கள். எல்லாருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. ஒரு வீட்டு அம்மா என் தலையைத் தடவினார். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பிரியாணி வாசனை வந்தால் அந்தக் கையின் கனம் என் தலையில் தெரியும்.

நீங்கள் நினைப்பீர்கள், அதற்குப் பிறகு வீட்டில் எல்லாரும் அப்பாவின் மேல் கோபப்பட்டிருப்பார்கள் என்று. அப்படி நடக்கவில்லை. கோபம் அக்காவின் மேல் போயிற்று.

அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். "அவ வாழ்க்கைய அவளே வாயால கெடுத்துக்கிட்டா" என்று அவள் காதில் விழும்படி சொல்வார். கோயில்காரப் பெண்கள் அவளை அவசரக்காரி என்றார்கள். அம்மாகூட, அந்த ஹாலில் அவளுக்காக வாயைத் திறந்த அதே அம்மா, "தனியா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, சபையிலயா சொல்வாங்க?" என்று பெருமூச்சு விட்டாள். தனியாக எத்தனை முறை சொன்னாள் என்பதை எல்லாரும் மறந்துபோனார்கள். எனக்கும் அவள்தான் கெடுத்தாள் என்று தோன்றியது. பெரியவர்கள் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டால், அந்த வீட்டுக் குழந்தைக்கு வேறு எப்படித் தோன்றும்?

அக்கா மெழுகு நாட்களில் பழையபடி நாற்காலிக் கால்களுக்கு மெழுகு தேய்த்தாள். முணுமுணுப்பு மட்டும் இல்லை. அக்டோபரில் குன்னூரில் ஒரு விடுதிப் பள்ளியில் வேலை கிடைத்தது. அவளே விண்ணப்பித்திருந்தாள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பியபோது அப்பா ஹாலில் நின்றுகொண்டு, அலமாரிக் கண்ணாடியில் ஏதோ தூசி இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் மிஸ் வந்தார். வரமாட்டார் என்று அப்பா சொன்ன மிஸ், பூப்போட்ட கவுனும் கைத்தடியுமாக டாக்ஸியிலிருந்து இறங்கினார். தம்பி இறந்துவிட்டார், வீட்டை விற்றுவிட்டு ஒரேயடியாக அங்கேயே போகப்போகிறேன் என்றார்.

ஹாலில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இழுப்பறைகளை இழுத்துப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு வந்தன. அலமாரியைத் திறந்து, ஒரு கோப்பையை எடுத்து நகத்தால் தட்டினார்.

"ஒண்ணுகூட ஒடையலையா?" என்று அம்மாவைக் கேட்டார். "ஒண்ணுகூடவா? வெரி குட்!" அம்மாவின் கன்னத்தைத் தட்டினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு டீ கொண்டுவந்தாள். மிஸ்ஸின் டீயை மிஸ்ஸின் கோப்பையில்.

மிஸ் டீ குடித்தார். அப்பா நின்றுகொண்டிருந்தார். மிஸ் உட்காரச் சொல்லவில்லை, அப்பாவுக்கும் உட்காரத் தோன்றவில்லை. திடீரென்று மிஸ் சிரித்தார்.

"ஏன் மேன், ஐயரம்மா எனக்கு சொல்லிச்சி. இதெல்லாம் உன் தாத்தா குடுத்ததுன்னு நீ சொன்னியாமே? எந்தத் தாத்தா மேன்? என் தாத்தாவா, உன் தாத்தாவா?"

கோபமே இல்லை அந்தச் சிரிப்பில். சர்க்கரை டப்பாவில் கை விட்ட குழந்தையைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க, மிஸ் நிறுத்தும் வரைக்கும் கூடவே சிரித்தார். மில்லில் அதிகாரிகள் முன்னால் இப்படித்தான் சிரிப்பார் போலிருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. அக்கா ஹாலில் உண்மையைச் சொன்ன நாளில்கூட எனக்கு இவ்வளவு கூசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு என் கால் விரல்களை எண்ணினேன்.

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு லெட்டர் போட்டு கேட்டிருந்தா 'எடுத்துக்கோ'ன்னு எழுதியிருப்பேன் மேன். எனக்கு எதுக்கு இதெல்லாம்? கப்பல்ல ஏத்த முடியுமா?" என்றார். பிறகு அம்மாவிடம், "அந்த அலமாரிய நீயே வச்சிக்கோ. நல்லா பாத்துக்கிட்டியே" என்றார்.

"எனக்கு வேணாம் மிஸ்" என்றாள் அம்மா.

"செட்டாவது எடுத்துக்கோ."

"வேணாம் மிஸ். எங்க வீட்ல அதுக்கு எடம் இல்ல."

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. நல்ல மனசோடு கொடுத்ததை ஏன் வேண்டாம் என்கிறாள் என்று கொஞ்சம் வருத்தமும் பட்டார்.

சிவாஜி நகரிலிருந்து பழைய சாமான் கடைக்காரர்கள் வண்டியோடு வந்தார்கள். அம்மா ஹாலுக்கு வரவேயில்லை. பின்கட்டில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர்கள் கோப்பைகளை வைக்கோலில்கூடச் சுற்றாமல் கூடையில் போட்டார்கள். ஏதோ ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. கையிலிருந்த பீன்ஸின் நாரை உரித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

வீடு விற்றுப்போனதும் நாங்கள் வேறு இடத்துக்குக் குடிபோனோம். அந்த வீட்டில் ஹால் என்று ஒன்றே இல்லை. வருகிறவர்கள் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அப்பா அதற்குப் பிறகு எதையும் தன்னுடையது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளியில் நான் வாங்கிய பரிசைக்கூட யாராவது புகழ்ந்தால், "டீச்சருங்க சொல்லிக்குடுத்தது" என்பார்.

அக்கா குன்னூரிலேயே கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். போன வருஷம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அப்பாவும் அம்மாவும் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கதையை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை. அன்றைக்கு நான்தான் தொடங்கினேன். "அந்த வயசுல நானும் உன்னத்தான் தப்பா நெனச்சேங்கா" என்றேன். "அப்பா ஒருவாட்டி ஸ்கூலுக்கு வந்தாரு தெரியுமா?" என்றாள் அக்கா.

எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாதாம். அக்கா வேலையில் சேர்ந்த அடுத்த வருஷம், ஈஸ்டர் முடிந்து, மில்லுக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போயிருக்கிறார். பார்வையாளர் அறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாராம். "நல்லா இருக்கியா?" என்று கேட்டாராம். "இருக்கேன்" என்றாளாம். அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை அறைக்குள் வந்திருக்கிறார்.

"அப்பா படக்குனு எழுந்து நின்னுட்டாரு" என்றாள் அக்கா. "அவங்ககிட்ட, 'மேடம், என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. எது நடந்தாலும் அவ சொன்னா நீங்க நம்பலாம்'னாரு. அவங்களுக்கு ஒண்ணும் புரியல. நான் ஏதாவது தப்புல மாட்டிக்கிட்டேனோன்னு என்னப் பாத்தாங்க. அப்பா மறுபடியும் அதையே சொன்னாரு. பொய் சொல்ல மாட்டா மேடம்."

"நீ என்னா சொன்ன?"

"என்னா சொல்றது? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். எனக்கு நேரா இருந்த ஜன்னல் சீட்டுலதான் உக்காந்தாரு. பஸ் கெளம்பற வரைக்கும் நான் கீழயே நின்னேன். அவரு என் பக்கம் திரும்பவே இல்ல."